நான்காவது மணி நேரம்

காரின் பின்சீட்டிலிருந்து நான் நீட்டிய பாட்டிலை அக்கா வாங்கவில்லை. முன்சீட்டு மேலாளர் நீட்டியதை வாங்கினாள். ஓடும் காரோடு ஒட்டிச் சைக்கிள் மிதித்தபடியே, ஒரு கையால் பாட்டில் பாட்டிலாக வாங்கிச் சட்டை முதுகுக்குள் திணித்தாள். ஏழு பாட்டில். கூன் விழுந்தவள் போல முதுகு புடைத்தது. என் பக்கம் திரும்பாமலே முன்னால் போய்விட்டாள். பத்தொன்பது நாளாக அப்படித்தான்.

அணியில் அவளுக்குப் பெயர் தண்ணி லாரி. மற்ற ஐந்து பெண்களுக்கும் தண்ணீர் சுமப்பாள், எதிர்காற்றில் முன்னால் போய் அவர்களுக்கு மறைப்பாக இருப்பாள், கடைசி மலை வந்ததும் ஒதுங்கிக்கொள்வாள். பதினோரு வருடமாக அதுதான் வேலை. நான் அதே அணியில் எண்கள் பார்க்கிறவன். ஒவ்வொரு மிதிக்கும் எத்தனை வாட் சக்தி வருகிறது என்று சைக்கிளில் இருக்கும் கருவி பதிந்துவைக்கும். அதைப் படித்து யார் தேறுவார்கள் என்று எழுதிக் கொடுப்பேன். அடுத்த ஆண்டுக்கு யாரை வைத்துக்கொள்ளலாம் என்று மேலாளர் கேட்டபோது, சோதனைக் கூடத்தில் ஆளுக்கு இருபது நிமிடம் மிதிக்க வைத்தேன். அணியின் நட்சத்திரம், வயதில் இளையவள் என்பதால் எல்லோருக்கும் சின்னவள். அவளுக்கு முந்நூறு வாட். அக்காவுக்கு இருநூற்று எழுபத்திரண்டு, ஆறு பேரில் கடைசி. வயது முப்பத்து நான்கு. ‘தொடரத் தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

“கூடப் பொறந்தவ வயித்துல அடிச்சிட்டு உனக்கு எப்படிடா சோறு இறங்குது?” என்று அம்மா போனில் கத்தினாள். அக்கா கத்தவில்லை. “நல்லாத் தூங்கி எந்திரிச்சவள மிதிக்க விட்டுப் பாத்தா என்னடா தெரியும்?” என்று மட்டும் கேட்டாள். அதோடு பேச்சு நின்றுபோனது.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்தப் பல நாள் பந்தயத்தில் முந்தாநாள் ஓய்வு நாள். மதியம் விடுதி அறையில் உட்கார்ந்து மூன்று வருடப் பந்தயப் பதிவுகளை எடுத்து, மூன்று மணி நேரம் மிதித்த பிறகு வரும் இருபது நிமிடங்களை மட்டும் தனியாகப் பிரித்தேன். சின்னவளின் முந்நூறு, இருநூற்று நாற்பத்தாறாக இறங்கியிருந்தது. மற்றவர்கள் அதற்கும் கீழே. அக்காவினுடையது இருநூற்று அறுபத்தைந்தில் நின்றது. எங்கேயோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். எந்தப் பந்தயத்தைத் தொட்டாலும் அதே கதை. களைப்பு மற்றவர்களைத் தின்றது. அவளைக் கொறித்துவிட்டு விட்டுவிட்டது. அவள் ஒருத்தி முழுசாக இருக்கிற நேரம் பார்த்துத்தான் பதினோரு வருடமாக அவளை ஒதுங்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

தாளை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் ஓடினேன். அவர் முழுதும் படித்தார். “மூணு வாரம் முன்னாடி வேணாம்னு எழுதுன. இன்னிக்கு வேணுங்கிற. அம்மா திட்டுனாங்களா?” என்றார். திட்டியதும் உண்மைதானே. தாளை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இன்று கடைசி மலை. எட்டு கிலோமீட்டர் ஏற்றம், உச்சியில் முடிவுக் கோடு. பாதி ஏறுவதற்குள் எதிரணியின் சிவப்புச் சட்டைக்காரி பாய்ந்து போய்விட்டாள். காரில் இருந்த சின்னத் திரையில் பார்த்தேன். சின்னவளின் தோள்கள் இரண்டு பக்கமும் ஆடின. வயர்லெஸ்ஸில் அவள் குரல் கிழிந்து வந்தது. “காலு செத்துப்போச்சு சார். எனக்காகக் காத்திருக்க வேணாம். அக்காவ அனுப்புங்க.”

மேலாளர் திரும்பி என்னைப் பார்த்தார். “உன் கணக்கு மேல உனக்கு நம்பிக்கை இருக்கா?”

“இருக்கு சார்.”

“அப்ப நீயே சொல்லு.” மைக்கை என் கையில் கொடுத்தார்.

பொத்தானை அழுத்தினேன். “அக்கா.”

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “என்னடா?”

“நீ ஒதுங்க வேணாம். போ. உச்சி வரைக்கும் இருநூத்து அறுபத்தஞ்சு மிதி. போதும்.”

“அவ்வளவுதானா?”

மேலாளர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அக்கா சின்னவளின் முதுகை ஒரு தட்டுத் தட்டிவிட்டு முன்னால் போனாள். எழுந்து நின்று மிதிக்கவில்லை, முகம் கோணவில்லை; மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரே சீராக மிதித்தாள். நடுநடுவே எண் மட்டும் வந்தது. “அறுபத்தாறு.” “அறுபத்தி நாலு.” “எழுபதுடா.” சிவப்புச் சட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது. உச்சிக்கு எண்ணூறு மீட்டர் இருக்கும்போது அதை எட்டினாள். அந்தப் பெண் பக்கத்தில் யார் என்று தலையைத் திருப்பிப் பார்த்தாள். அக்கா பார்க்கவில்லை. தாண்டிப் போய்விட்டாள்.

கோட்டைக் கடக்கும்போது கைகளைத் தூக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. பழக்கமில்லையே. கடந்து பத்தடி போன பிறகு ஒரு கையை மட்டும், அதுவும் பாதி, தூக்கினாள். நான் காரிலிருந்து குதித்துக் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றிருந்தாள். முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

“அக்கா, நான் தப்பா...”

“அழுகைய அப்புறம் வச்சுக்க. மேடைக்குக் கூப்பிடறாங்க, புடி.”

மேடைக்கு மூன்று படி. முதல் படியில் கால் வைத்தாள். தொடை நடுங்கியது, ஏற வரவில்லை. என் தோளில் முழு எடையையும் போட்டுக்கொண்டு, இத்தனை பெரிய மலை ஏறியவளுக்கு மூன்று படி ஏற முடியவில்லை என்று சத்தமாகச் சிரித்தாள். கீழே கூட்டமும் சிரித்துக்கொண்டே கை தட்டியது. சைக்கிள் ஷூவின் அடித்தகடு பலகையில் ‘டக்’கென்று பட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்த காலைத் தூக்கினாள்.