அணைக்கட்டைப் பார்க்காத இருவர்

டயகமவிலிருந்து கொத்மலை அணைக்கட்டைப் பார்க்கப் புறப்பட்ட வேனில், பிரேமினியின் பக்கத்தில் இடமிருந்தும் அவள் கணவனின் தங்கை வினோதா பின்சீட்டுக்குப் போய்விட்டாள். வினோதாவின் மகள் வயதுக்கு வந்த சடங்கில், பிள்ளை இல்லாதவள் என்று பிரேமினியை ஆலாத்தி எடுக்க விடவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

பூண்டுலோயாவைத் தாண்டியதும், வளைவுகளில் வினோதா வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். அணைக்கட்டுப் பூங்காவில் இறங்கியபோது அவளால் நிற்கக்கூட முடியவில்லை. மரத்தடி வாங்குப் பலகையில் சுருண்டு படுத்துவிட்டாள். அணையின் வான்கதவைத் திறந்து தண்ணீர் விடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, எல்லோரும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பிரேமினியும் நாலடி போனாள். அதற்குமேல் அவளுக்குக் கால் வரவில்லை.

திரும்பி வந்து, வினோதாவின் முகத்தைக் கழுவிவிட்டு முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"நீங்க போய் பாருங்க அண்ணி. இவ்வளவு தூரம் வந்துட்டு..."

"தண்ணிதானே. லயத்துப் பீலியில கொட்டுறப்ப பாக்காததா."

வினோதா சிரிக்கப் பார்த்தாள், கண்தான் கலங்கியது. "அன்னைக்கு ஒங்கள கூப்பிட்டிருக்கணும். ஆளாளுக்கு வேணாம்னாங்க, நானும் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

இந்தச் சொல்லுக்காகத்தான் பிரேமினி இத்தனை நாளாகக் காத்திருந்தாள். கேட்டபிறகும் மனசு சட்டென்று இறங்கவில்லை. அப்பால் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது.

"இப்ப ஒன்னும் பேசாத. மறுபடி வாந்தி வரும்," என்று சொல்லி, அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வினோதா அப்படியே கண்ணயர்ந்தாள். மற்றவர்கள் சாரலில் நனைந்து சத்தமாகத் திரும்பி வந்தபோது, பிரேமினி உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவா பேசுங்க. தூங்குறா."