பிரிக்காத உறை

காப்பி மெஷின் பழுது பார்க்கிறவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மெஷின்காரர் வந்துட்டாரு" என்பார்கள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி, வங்கி, கல்லூரி என்று எங்கே போனாலும் மெஷினுக்குப் பின்பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்து, குழாயைக் கழற்றி, பால்பொடி அடைத்துக்கொண்ட இடத்தைக் கம்பியால் குத்தி எடுப்பார். முன்பக்கம் நிற்கிறவர்கள் மெஷினைத் திட்டுவது காதில் விழும். பின்னால் ஓர் ஆள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஆள் கிடையாது. கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லை என்ன, பண்ணிக்கொள்ளவில்லை. ஒரு கட்டில், ஒரு மேஜை, மேஜை மேல் பூதக்கண்ணாடி, இடுக்கி, ஸ்டாம்பு ஆல்பங்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் காசு போட்டால் ஸ்டாம்பு துப்புகிற மெஷின்கள் இருந்தன. அவற்றுக்காகவே ஸ்டாம்பை ரிப்பன் மாதிரி சுருளாகச் சுற்றிக் கொடுத்தார்கள். மேலும் கீழும் வழவழவென்று வெட்டிய விளிம்பு. ஒரு ஸ்டாம்புக்கும் அடுத்த ஸ்டாம்புக்கும் நடுவில் மட்டும், மெஷினின் பல் பிடித்து இழுப்பதற்கு நீளத் துளை. மற்றவர்கள் ராஜா தலை, பறவை, பூ என்று சேர்க்கட்டும். இவருக்கு அந்தத் துளைதான் உயிர். எந்தக் காலத்திலோ எவனோ ஒரு மெஷின்காரன் ராவி ராவிச் சரிசெய்த பல் போட்ட துளை அல்லவா அது!

ஆனால் இந்தச் சுருள் ஸ்டாம்பில் ஏமாற்று வேலை அதிகம். சாதாரண ஸ்டாம்பின் ஓரத்தைக் கத்தரித்து, துளையும் போட்டுத் தலையில் கட்டிவிடுவார்கள். இரண்டு ஸ்டாம்பு பிரியாத ஜோடியாகக் கிடைத்தால்தான் ஓரளவு நம்பலாம். அப்படி ஒரு ஜோடி அவருடைய அப்பாவிடம் இருந்தது. ஸ்டாம்பென்றால் எச்சில் தொட்டு ஒட்டுகிற காகிதம் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாத அக்காவுக்கு அதைக் கொடுத்துவிட்டு அப்பா போய்ச் சேர்ந்தார். தம்பிக்கு வயிறு எரிந்தது. எரிந்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருக்கலாம். இவர் என்ன செய்தார் தெரியுமா? அக்கா புருஷன் இறந்த அன்றைக்கு, அத்தானை ஏற்றிக்கொண்டு போன வண்டி தெருமுனை திரும்புவதற்குள், அக்கா பக்கத்தில் போய், "அக்கா, அந்த ஜோடி பத்திரமா இருக்குல்ல?" என்று கேட்டார். சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா அது? அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

அக்காவுக்கும் பிள்ளை குட்டி இல்லை. ஊரின் இந்தக் கோடியில் ஓர் ஒண்டிக்கட்டை, அந்தக் கோடியில் ஓர் ஒண்டிக்கட்டை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டு, எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது என்று திரும்பவும் கழற்றி மாட்டியிருக்கிறார். அக்கா ஒரு வார்த்தை 'வாடா' என்றால் போதும், செருப்புகூடப் போடாமல் ஓடுவார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் வருஷக்கணக்கில் காத்துக்கிடந்தார்.

ஒரு நாள் வேலையிலிருந்து வந்தால் கதவடியில் ஓர் உறை கிடந்தது. குனிந்து எடுத்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உறையின் மூலையில் அந்த ஜோடி! பழைய ஸ்டாம்பு இன்றைய தபாலுக்குச் செல்லாது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், பக்கத்தில் புது ஸ்டாம்பும் ஒட்டியிருந்தது. "அடிப் பாவி, நக்கி ஒட்டிட்டியே!" என்று முதலில் தலையில் அடித்துக்கொண்டார். பூதக்கண்ணாடியில் பார்த்தபிறகு மூச்சே நின்றது. தபால் முத்திரை, படத்தைத் தொடாமல், ஓரமாக, நிலா வட்டமாக விழுந்திருந்தது. இப்படி ஓர் உறை உலகத்தில் வேறு யாரிடமும் இருக்காது.

அக்கா ஜோடியையே அனுப்பிவிட்டாள் என்றால் கோபம் தீர்ந்தது என்றுதானே அர்த்தம்? அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். உள்ளே இருப்பது வசவாக இருந்துவிட்டால் என்ற பயமும் இருந்தது. உறையை அப்படியே பிளாஸ்டிக் கூட்டுக்குள் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டாம்பு கிளப்புக்கு அதை எடுத்துப் போனார். அச்சகத்து மாடியில் ஓர் அறை, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அன்றைக்கு எல்லாரும் அவரைச் சுற்றி நின்றார்கள்.

"பிரிச்சிடாதீங்க சார்," என்றார் ஓய்வுபெற்ற பல் டாக்டர். "வாயத் திறக்காத வரைக்கும்தான் இதுக்கு மதிப்பு. என் தொழிலுக்கே விரோதமா பேசுறேன், பாத்துக்குங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்து யார் தன்னிடம் என்ன கேட்கப்போகிறார்கள் என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர்களுக்கு நடுவில் இருப்பது இவ்வளவு சுகமா என்று தோன்றியது.

சில நாள் கழித்து, கல்லூரியில் மெஷினைப் பிரித்துப் போட்டிருந்த நேரம், ஃபோன் அடித்தது.

"நான்தான்டா."

"அக்கா!" கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டார். "அக்கா, நீ என்ன காரியம் பண்ணியிருக்க தெரியுமா? முத்திரை எவ்வளவு அழகா விழுந்திருக்கு! கிளப்புல எல்லாரும் வாயப் பொளந்துட்டாங்க."

"சரிடா. உள்ள எழுதியிருந்தத படிச்சியா?"

"இன்னும் பிரிக்கலக்கா. பிரிக்காம இருந்தாத்தான் அதுக்கு..."



"பிரிக்கவே இல்லையா? படிச்சிட்டுத்தான் வரலன்னு நெனச்சேன்."

"எங்க வரணும்க்கா?"

"கண்ணு ஆபரேஷன்டா. கூட ஒரு ஆள் வேணும்னு ஆஸ்பத்திரில கறாரா சொல்லிட்டாங்க. உன்னத்தான் வரச்சொல்லி எழுதினேன். முந்தாநாள் முடிஞ்சிருச்சு."

"கூட யாரு இருந்தாக்கா?"

"மாடி வீட்டுப் பொண்ணு. என்ன உறவுன்னு கேட்டாங்க. தம்பி மகள்னு பொய் சொல்லிச்சு, பாவம்."

"ஒரு ஃபோன் பண்ணியிருக்கக்கூடாதா?"

"பண்ணி நீ முடியாதுன்னுட்டா? என் காதால கேக்க தைரியம் இல்லடா. என் கடுதாசியப் பிரிக்காம தூக்கிப் போட்டுடுவியோன்னுதான் அந்த ஸ்டாம்ப ஒட்டினேன். அதுக்காகவாவது பிரிப்பேன்னு பாத்தேன்."

"இப்பவே வரேன்க்கா."

"இப்ப எதுக்கு? வரலன்னா வரலன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். இப்ப கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. வெச்சிடறேன்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

மெஷினை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் ஒரே நினைப்பு. ஸ்டாம்பு ஒட்டிய பக்கமாகவே கிழிப்பது. ஜோடி ரெண்டாகட்டும், நாலாகட்டும், எக்கேடு கெட்டுப் போகட்டும். கிழிந்த உறையைக் கொண்டுபோய் அக்கா கையில் வைப்பது. கண்ணில் கட்டு இருந்தால் என்ன, கிழிசலை விரலால் தடவிப் பார்ப்பாள். அவளுக்குப் புரியும்.

வீட்டில் உறையைக் கூட்டிலிருந்து உருவினார். அப்போதுதான் விலாசம் கண்ணில் பட்டது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வரி மலை ஏறுவதுபோல் கோணிக்கொண்டு போயிருந்தது. கதவு எண்ணை ஒரே இடத்தில் இரண்டு தடவை எழுதியிருந்தாள். தினமும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த உறை! இது அவர் கண்ணில் படவே இல்லை. குருடு அவளா நானா என்று வாய்விட்டே கேட்டார்.

கத்தியை எடுத்தார். கண்ணீர் மறைத்தது, துடைக்கவில்லை. கை நடுங்கும் என்று நினைத்தார், நடுங்கவில்லை. ஒரே இழுப்பு, உறை திறந்துகொண்டது.

உள்ளே ஒரு துண்டுக் காகிதம். ஆபரேஷன் தேதி, ஆஸ்பத்திரி விலாசம், கீழே பெரிய எழுத்தில் 'வாடா'.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவிடம் கொடுக்க உறையைக் கையில் எடுத்தவர் திகைத்து நின்றார். ஸ்டாம்புக்கு எதிர்ப்பக்கம், குறுகலான ஓரத்தில், நூல் பிடித்ததுபோல் வெட்டியிருந்தது. அவர் சொல்லாமலே கை உறையைத் திருப்பிப் பிடித்திருக்கிறது. ஜோடியில் ஒரு கீறல்கூட விழவில்லை.