பின்குறியின் மேல் ஒரு வெள்ளைக் கோடு

அன்று ஓக்லஹோமாவின் அந்தச் சிற்றூரில், ரெட்டா வான்ஸின் துப்பாக்கிப் பட்டறையில் இருந்தவர்கள்: ரெட்டா, துப்பாக்கியைக் காட்ட வந்த நோரீன் ஸ்ட்ரவுட், அவளைத் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டவனும், விட்டதோடு போகாதவனுமான அவள் அக்கா புருஷன் பர்ல், பின்பக்கத்துச் சுடுமிடத்தில் இலக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்த, தேர்வு நடத்துகிற காய் ஹாஸ்கின்ஸ். அப்புறம் ரெட்டாவின் கிழட்டு நாய். அது ஒன்றுதான் அங்கே நிம்மதியாக இருந்தது.

மணி பதினொன்று. ஒரு மணிக்கு நோரீனுக்குச் சுடும் தேர்வு. ஐம்பது தோட்டாவில் முப்பத்தைந்து இலக்குத் தாளின் கோட்டுக்குள் விழ வேண்டும். போன வாரம் விழுந்தது இருபத்தொன்பது. இன்றும் தவறினால் வங்கி வாசலின் பகல் காவல் போய்விடும். பழையபடி தானியக் கிடங்கில் இரவுக் காவல். ஆறு வருஷம் அங்கே உட்கார்ந்திருந்தாள். பகலில் ஜன்னலை அட்டை ஒட்டி மறைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் புல்வெட்டும் இயந்திரத்தைச் சபித்தபடி தூக்கமில்லாமல் புரண்ட ஆறு வருஷம். வங்கிக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. இருட்டினால் தூக்கம் வரும் என்பதே அவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்திருந்தது.

அவள் உட்காரவில்லை. மேஜைக்கும் கதவுக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தாள்.

"துப்பாக்கியில ஒண்ணுமில்ல ரெட்டா," என்றான் பர்ல். வாயில் ஆப்பிள் அடைத்துப் பொரித்த பை பலகாரம். "குண்டு இடது பக்கம் போகுதுன்னா இவ விசைய வெடுக்குன்னு இழுக்குறான்னு அர்த்தம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"உன்கிட்ட கேட்டேனா?" என்றாள் ரெட்டா.

"சும்மா சொன்னேன்."

அந்த ஊரில் எல்லோரும் அதைத்தான் சும்மா சொன்னார்கள். இடது பக்கம் போகிறதா, விரல் சரியில்லை. வங்கி மேலாளர் சொன்னார், சலூன்காரி சொன்னாள், தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவரும் சொன்னார். நோரீன் நம்பினாள். இரண்டு மாதமாகக் காலியான துப்பாக்கியின் நுனியில் காசை நிற்க வைத்து, அது விழாமல் விசை இழுத்துப் பழகினாள். காபியை விட்டாள். கை நடுக்கத்துக்கு டாக்டரைக்கூடப் பார்த்தாள். அப்புறம் பர்ல் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தான்: இடது கட்டைவிரலால் துப்பாக்கியை வலப்பக்கம் லேசாகத் தள்ளு. தள்ளினாள்.

ரெட்டா கையை நீட்டினாள். நோரீன் மேகசினை உருவி, குழல் காலி என்று காட்டிவிட்டுக் கொடுத்தாள். ரெட்டா தானும் ஒரு முறை விரல் விட்டுப் பார்த்தாள். மேல்சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போகிற சின்னத் துப்பாக்கி. உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிது. குறிபார்ப்பதற்காகப் பின்முனையில் மாட்டியிருக்கும் துண்டு, அந்தப் பின்குறியின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினாள்.

குறி நகர்ந்தது.

நோரீனின் நடை நின்றது.

"இத யாரு மாட்டினது?"

நோரீன் பர்லைப் பார்த்தாள். பர்ல் நாயைப் பார்த்தான்.

"கிறிஸ்துமஸ் பரிசா நான்தான் புதுக் குறி வாங்கி மாட்டிக் குடுத்தேன். திருகு கழறாம இருக்க நீலப் பசை போட்டுத்தான் திருகினேன்."

ரெட்டா திருகைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். மரையில் பசை காயாமல் வழவழவென்று மினுங்கியது. "எண்ணெயத் துடைச்சியா?"

"துப்பாக்கின்னா எண்ணெய் இருக்கணும்ல?"

"எண்ணெய் மேல பசை எங்கடா பிடிக்கும்? கேக்குக்கு க்ரீம் தடவுற மாதிரி தடவி வச்சிருக்க. ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா இடது பக்கம் நடந்து போயிருக்கு. குண்டும் அதுகூடவே போயிருக்கு."

"எல்லாருக்கும் நடக்குறதுதான்," என்றான் பர்ல்.

நோரீனுக்கு டாக்டர் அவள் கையைப் பிடித்து விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தது ஞாபகம் வந்தது.

ரெட்டா துப்பாக்கியின் மேல்பாகத்தைத் தனியே எடுத்து, துணி சுற்றி மேஜையோரத்து இடுக்கியான வைஸில் பிடித்தாள். குறியை வெளியே தட்டினாள். குறி உட்காரும் காடியையும் திருகையும் ஸ்பிரிட்டால் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். காடி தளர்ந்திருந்தது, காகிதம் போன்ற பித்தளைத் தகட்டை அடியில் வைத்து, நைலான் முனை கொண்டு குறியை உள்ளே தட்டினாள். அளந்தாள், தட்டினாள், அளந்தாள். நோரீன் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு சொட்டுப் பசை, திருகு.

"பசை முழுசா இறுக நாளைக்கு ஆகும். அதப் பத்திக் கவலப்படாத, தகடே பிடிச்சுக்கும்."

கடைசியில் மெல்லிய தூரிகையால் குறியிலிருந்து மேல்பாகம் வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தாள்.

"இந்தக் கோடு விலகினா குறி நகர்ந்திருக்குன்னு அர்த்தம். என்னைக் கேளு. விலகலேன்னா..."

"நான்தான்."

"நீதான்."

பன்னிரண்டரைக்கு நோரீன் பின்பக்கத்தில் ஐந்து தோட்டா சுட்டுப் பார்த்தாள். ஐந்தும் வலப்பக்கம் போயின. துப்பாக்கியை முகத்தருகே கொண்டுவந்து பார்த்தாள். கோடு முடி அளவுகூட விலகவில்லை.

"ரெண்டு மாசமா கோணல் குறிக்குக் கோணலாத் தள்ளிப் பழகிட்ட," என்றாள் ரெட்டா. "குறி நேராயிடுச்சு. நீ இன்னும் தள்ளிக்கிட்டிருக்க."

"இப்ப என்ன பண்ண?"

"தள்ளாத."

"அரை மணி நேரத்துலயா? கிண்டல் பண்றியா?"

ரெட்டா கிண்டல் பண்ணவில்லை.

ஒரு மணிக்கு காய் ஹாஸ்கின்ஸ் ஆரம்பிக்கச் சொன்னார். முதல் இருபதில் பதினொன்று வெளியே. இன்னும் நாலுதான் தவறலாம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பர்ல் கத்திக்கொண்டிருந்தான். காதுமூடி போட்டிருந்ததால் வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அவன் கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிக் காட்டியது தெரிந்தது. கட்டைவிரல், கட்டைவிரல்.

அவள் கோட்டைப் பார்த்தாள். அப்படியே இருந்தது. தன் இடது கட்டைவிரலைப் பார்த்தாள். அதுவும் இருந்த இடத்திலேயே, சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு, தள்ளிக்கொண்டிருந்தது.

விரலைத் துப்பாக்கியிலிருந்து எடுத்துக் காற்றில் தூக்கிக்கொண்டாள். பார்க்க அசிங்கமாக இருந்தது. காய் புருவத்தைச் சுருக்கினார், தடுக்கவில்லை. மீதி முப்பதையும் அப்படியே சுட்டாள். ஒவ்வொரு முறையும் விரல் கீழே இறங்கப் பார்த்தது. இரண்டு முறை இறங்கியும் விட்டது.

காய் தாளை இரண்டு தடவை எண்ணினார்.

"முப்பத்தாறு. சகிக்கல. ஆனா முப்பத்தாறு." கையெழுத்துப் போட்டார்.

நோரீனுக்குச் சந்தோஷம் வரவில்லை. பட்டறைக்குள் திரும்பி வந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பர்ல் பின்னாலேயே வந்தான்.

"பாத்தியா? கைதான்னு மொதல்லயே சொன்னேன்ல. கடைசியில கைதான்!"

"நீ சொல்லிச் சொல்லித்தான் பர்ல் அது கையாச்சு."

அவன் சிரித்தான். அவனுக்கு அது புரியவில்லை, புரியப்போவதும் இல்லை. "சரி வா, கிளம்பலாம். துப்பாக்கிய ராத்திரி எங்கிட்ட குடுத்துட்டுப் போ. ரெட்டா இறுக்கினது போதுமான்னு திருகிப் பாத்துடறேன். கொஞ்சம் எண்ணெயும் விட்டுடலாம். நான் போய் வண்டியில ஏசி போடுறேன்."

வெளியே போனான். ஆகஸ்ட் வெயிலும் மாட்டு லாரிப் புழுதியும் உள்ளே வந்தன.

"நீ எங்க வீட்டுப் பக்கமாத்தானே போற?" என்று ரெட்டாவைக் கேட்டாள் நோரீன்.

"அஞ்சு மணிக்கு." ரெட்டா வைஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "அந்தப் பூட்டு முரண்டு பிடிக்கும். அழுத்தித் திருப்பணும்."

நோரீன் உள்ளேயிருந்தபடியே கதவைச் சாத்தினாள். அழுத்தித் திருப்பினாள். பூட்டிக்கொண்டது.