ஷஹ்மா வெட்டிப் போட்ட குரல்

கண்டியில் நடந்த பெண் கலைஞர்களின் கண்காட்சியில் கூட்டமெல்லாம் ஷஹ்மாவின் கணினிக்கு முன்னால்தான். பொத்தானை அழுத்தினால் ஒரு பெண் குரல், "வாரன், வாரன்" என்று பதறிக்கொண்டு சொல்லும். மறுபடி அழுத்தினால், "இந்தா தாரன்." ஏவல் கேட்கும் இயந்திரங்களுக்கெல்லாம் ஏன் பெண் குரலையே வைக்கிறார்கள் என்று ஷஹ்மா காலையிலிருந்து வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சில் அவளை மிஞ்ச ஆளில்லை.

குரல் அவளுடைய மதினி றம்லத்துடையது. மூத்த சகோதரனான காக்கா கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு அலவத்துகொட வீட்டில் இருப்பது இவர்கள் இருவர்தான். குசினி அலுமாரியின் மேல் போனை மறைத்து வைத்துப் பதிவுசெய்தாள் ஷஹ்மா. கேட்டுவிட்டுச் செய்தால் மதினிக்கு இயல்பாகப் பேச்சு வராது என்று தனக்குத்தானே நியாயமும் சொல்லிக்கொண்டாள். பிறகு பதிவில் இருந்த தன் குரலை மட்டும் ஒவ்வோர் இடத்திலும் பார்த்துப் பார்த்து வெட்டினாள். "மதினீ, தேத்தண்ணி" என்று கத்தும் குரலை யார்தான் ஊருக்குக் காட்டுவார்கள்?

சித்திரம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"பாவங்க. இந்தப் பொண்ண ஓயாம கூப்புடுறது யாரு?"

"எங்கட காக்கா," என்றாள் ஷஹ்மா. பொய் அவ்வளவு இலகுவாக வந்தது.

"அவரா?" என்று பின்னாலிருந்து கேட்டது அதே குரல். புது அபாயாவில், கையில் வட்டிலப்பம் என்ற இனிப்புப் பெட்டியோடு றம்லத் நின்றாள். "அவரு கட்டார் போய் மூணு வருசமாகுதே."

ஷஹ்மாவுக்குக் காதுமடல் கொதித்தது. கணினியில் கேட்பது தன் குரல்தானே என்று றம்லத் ஆசையோடு பொத்தானை அழுத்தினாள். கரகரத்துக் கம்மிய குரலில், "எழும்பிட்டன், வாரன்" என்றது கணினி. காலையிலிருந்து எல்லோரும் மெச்சியது இந்தத் துண்டைத்தான்.

றம்லத்தின் சிரிப்பு மெல்ல நின்றது.

"இது எனக்குக் காய்ச்சல் ஈந்த நாள். சுடுதண்ணி கேட்டு எழுப்பினது நீங்கதானே, ஷஹ்மா?"

ஆசிரியை ஷஹ்மாவை ஒரு பார்வை பார்த்தார். அப்படியே அடுத்த படத்துக்கு நகர்ந்தார். அவர் ஏசியிருந்தால்கூடத் தேவலை. வெட்கத்தில் ஷஹ்மாவுக்குத் தலை நிமிரவில்லை.

"முகமெல்லாம் வேர்த்தீக்கே," என்றாள் றம்லத். "தண்ணி கொண்டு வரவா?"

நாக்கு வறண்டுதான் இருந்தது. வேணும் என்று சொல்லக் கூசியது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மதினி தண்ணீர் தேடிப் போய்விட்டாள்.