பேரிக்காய் ஊறல்

தென் கொரியாவின் தேகு நகரில் காப்பீட்டு கம்பெனியில் வேலை பார்த்த க்வோன் தொக்சு, மாதச் சந்தா கட்டி ஊறல் பெட்டி வரவழைத்தான். உலர்ந்த பேரிக்காயும் இஞ்சியும் பட்டையும் போட்ட கண்ணாடி ஜாடி வீடு தேடி வரும்; அதில் சோஜு சாராயத்தை ஊற்றி மூடிவைக்க வேண்டியதுதான். ஊற்றி மூடிய அன்றே தொக்சு கலைஞனாகிவிட்டான். கடைச் சரக்கைக் கண்டாலே முகம் சுளித்தான்.

மூன்று மாதம் பொறுத்து, மேங் என்ற தன் மேலாளரையும் சக ஊழியர்கள் இருவரையும் விருந்துக்கு அழைத்தான். மணம், ஆழம், பக்குவம் என்று நீளமாகப் பேசிவிட்டு ஊற்றிக் கொடுத்தான். தானும் ஒரு மிடறு குடித்துப் பார்த்தான். பேரிக்காய் வாசம் இருந்தது, சாராயம்தான் இல்லை.

அடுப்படிக்கு ஓடினான். அவனோடு அதே வீட்டில் வசிக்கும் மாமியார் அங்கே கிம்ச்சி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. தூக்கம் வரலேன்னு தெனம் ஒரு கிளாஸ் எடுத்தேன். ஜாடி குறையக் கூடாதேன்னு தண்ணி ஊத்தி வச்சேன்."

"என் மானமே போச்சே அத்தை!"

கூடத்திலிருந்து மேலாளர் குரல் கேட்டது. "அடேயப்பா! தொண்டையில எரிச்சலே இல்ல. இதுதாய்யா கைப்பக்குவம்!"

"ஆமா சார், சும்மா ஜிவ்வுன்னு ஏறுது," என்றார்கள் மற்ற இருவரும்.

தொக்சு கூடத்துக்குப் போய் மறுபடி ஊற்றினான். ஜாடி காலியானபோது மேலாளர் நாக்குழறப் பாடிக்கொண்டிருந்தார்.

"இந்த நெலமையில நான் வண்டி ஓட்டக் கூடாதுய்யா," என்று அவரே போன் போட்டு வாடகை ஓட்டுநரை வரவழைத்தார். வந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடிப் படியிறங்கினார்.