எழுபத்திரண்டாவது கையெழுத்து

எழுபத்தொரு கையெழுத்து விழுந்துவிட்டது. ஆளுங்கட்சியின் நூற்றெட்டு எம்.எல்.ஏ.க்களில் எழுபத்திரண்டு பேர் சேர்ந்து பிரிந்தால் கட்சித் தாவல் சட்டத்திலிருந்து பதவி தப்பும். ஒன்று குறைந்தாலும் அத்தனை பேர் பதவிக்கும் ஆபத்து. அந்த ஒன்றுக்காகத்தான் லோணாவளா ரிசார்ட்டில், சமூக நலத்துறை அமைச்சர் சேவந்தா நாகர்கோஜே முன்னால் காலையிலிருந்து சுடச்சுட வெங்காய பஜ்ஜி வந்துகொண்டிருந்தது.

பிறந்தநாள் விருந்து என்று சொல்லித்தான் அழைத்து வந்தார்கள். வந்ததும் கைபேசிகளை ஒரு கூடையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"போட்டுடுங்க தாயி. புது மந்திரிசபையில உங்க ஹாஸ்டல் ஃபைல்தான் முதல்ல," என்றார் பாபுசாகேப் ஜக்தாளே. நிதியமைச்சர். கட்சியை உடைப்பவரும் அவரே.

மனிதர் அந்தக் கோப்பின் பேச்சை எடுத்திருக்கக் கூடாது. கரும்பு வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளுக்குத் தாலுகாவுக்கு ஒரு விடுதி. தீபாவளி முடிந்தால் பீட் மாவட்டத்தில் வீடு வீடாகப் பூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். பிள்ளைகளின் படிப்பும் அந்தப் பூட்டோடு நின்றுவிடும். சேவந்தாவே நாலாம் வகுப்பை மூன்று தடவை படித்தவள். ஜக்தாளே அந்தக் கோப்பை நான்கு தடவை திருப்பியிருந்தார்.

"நாலு தடவை நிதி இல்லைன்னு எழுதினது யாரு?"

"பழசை எதுக்குக் கிளறணும் தாயி? பஜ்ஜி ஆறுது."

அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். இவளைச் சேர்க்காமல் இருபது மந்திரிகள். கோப்பு வந்தபோதெல்லாம் கொட்டாவி விட்டவர்கள் அத்தனை பேரும் இங்கேதான் மென்றுகொண்டிருந்தார்கள். சுவரில் இருந்த டிவியில் செய்தி ஓடியது: முதல்வர் மூன்று மணிக்கு மந்திரிசபையைக் கூட்டியிருக்கிறார், அவரையும் சேர்த்து ஒன்பது பேர்தான், பத்துப் பேர் இல்லாமல் கூட்டம் செல்லாது.

சேவந்தாவுக்குச் சட்டென்று உறைத்தது. தடுக்கிறவன் எல்லாம் இங்கே இருக்கிறான். அப்படியென்றால் அங்கே தடுக்க யார் இருக்கிறார்கள்?

எழுந்தாள்.

"கரும்புக் காட்டுல புருஷன் பொண்டாட்டியைச் சேர்த்து ஒரு கொய்தான்னு எண்ணுவாங்க பாபுசாகேப். ரெண்டு உயிர், கணக்குல ஒரு அரிவாள். எங்கம்மா சாகற வரைக்கும் அரைக் கொய்தாதான். நீங்களும் கங்காணி மாதிரி தலையை எண்ணி ஏத்திட்டு வந்திருக்கீங்க. இந்தத் தலை உங்க எண்ணிக்கையில வராது."

"வாசலைத் தாண்டினா உங்க அரசியல் முடிஞ்சுது."

"முடியட்டும். கரும்பு வெட்டின கை இது. சோத்துக்கு உங்ககிட்ட வந்து நிக்காது."

வெளியே நல்ல மழை. வாசலில் பனைமரம் போல இரண்டு தடியர்கள் வழியை மறித்தார்கள். கேட்டுக்கு அப்பால் குடைகளும் கேமராக்களும்.

"மந்திரிசபைக் கூட்டத்துக்குப் போற மந்திரியை விடமாட்டீங்களா? அதை அந்தக் கேமராவைப் பார்த்துச் சொல்லுப்பா," என்றாள் சேவந்தா, அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. தடியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு விலகினார்கள்.

சாலையில் தலைநகருக்குப் போய்க்கொண்டிருந்த சிவப்பு அரசு பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினாள். பின்னால் நான்கு டிவி வேன்கள் தொடர்ந்தன. இனி எவன் மறிப்பான்? கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "டிரைவரும் பீட்காரர்தான் தாயி. இன்னைக்கு டீக்குக்கூட நிறுத்தமாட்டார்," என்றார்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, நனைந்த புடவையோடு தலைமைச் செயலகத்தின் கூட்ட அறைக்குள் நுழைந்தாள். முதல்வர் ரங்கநாத்ராவ் எழுந்து வந்தார்.

"எனக்காக வந்துட்டியேம்மா."

"உங்களுக்காக வரல சாகேப். என் ஃபைலை எடுங்க."

"இந்த அரசு நாளைக்கு இருக்குமோ என்னமோ."

"இன்னைக்கு இருக்கே."

தலைமைச் செயலாளர் கோப்பைப் படித்தார். பழக்க தோஷத்தில், "நிதித்துறை ஆட்சேபணை ஏதாவது?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் நிதியமைச்சரின் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். அந்த நாற்காலி முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தது.

"ஆட்சேபணை இல்லைன்னு எழுதுங்க," என்றார் முதல்வர். மாலைக்குள் அரசாணை வெளியானது.

முதல்வரின் தொலைபேசிக்கே ஜக்தாளே கூப்பிட்டு, சேவந்தாவைக் கேட்டார்.

"இன்னும் ஒரு ஆள் எங்களுக்குக் கிடைக்காமலா போயிடுவான்? ஆட்சிக்கு வந்ததும் முதல் வேலையா இதை ரத்து பண்ணிடுவேன்."

"பண்ணுங்க. இதுவரைக்கும் அறைக்குள்ள உக்காந்து திருப்பினீங்க, யாருக்கும் தெரியல. இனிமே ஊரறிய உங்க கையெழுத்தைப் போட்டுத்தான் ரத்து பண்ணணும். தீபாவளி முடிஞ்சு ஜனங்க வண்டி ஏறுறதுக்குள்ள பீட் வந்து, அதை நீங்களே படிச்சுக் காட்டுங்க. எல்லாரும் கொய்தாவோடதான் நிப்பாங்க."

சேவந்தா அரசாணையின் நகலை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அப்புறம், என் போன் அந்தக் கூடையில கிடக்குது," என்றாள். "ஆள்கிட்ட குடுத்தனுப்புங்க."