சோலை விறகு

"அந்த விறகைத் திரும்பச் சோலைக்குள்ளயே கொண்டுபோய்ப் போடுங்க," என்றேன்.

கெஸ்ட்டிடம் எதையும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே அருள்பிரகாஷ் எனக்குச் சொன்ன விதி அது. வாசலூர்பட்டிக்கு மேலே அவர் நடத்தும் டென்ட் கேம்பில் நான் ரிசப்ஷனில் இருக்கிறேன். வாசலில் 'இயற்கையை மதிப்போம்' என்று போர்டு எழுதியதும் நான்தான். எழுதலாம், அப்படி நடக்கச் சொல்லிக் கேட்கத்தான் கூடாது.

சாயங்காலத் தீ மூட்ட, அன்று வந்திருந்த கெஸ்ட் நாலு பேரும் காய்ந்த கிளைகளைக் குவித்திருந்தார்கள். கோயில் சோலையில் பொறுக்கியவை. எங்கள் ஊரில் அங்கிருந்து ஒரு சுள்ளிகூட யாரும் எடுப்பதில்லை. விழுந்தது விழுந்த இடத்திலேயே மக்கும். செருப்போடு உள்ளே போவதும் இல்லை. அந்த மண் ஈரம் காயாததால்தான் கீழே எங்கள் ஊற்று கோடையிலும் வற்றாமல் இருக்கிறது.

"காஞ்ச குச்சிதானே சிஸ்டர்," என்றான் அவர்களில் ஒரு தொப்பிக்காரன். மற்றவர்கள் சிரித்தார்கள். "உங்க மரத்துக்கெல்லாம் ஆதார் கார்டு இருக்கா?"

"இல்லீங்க. உங்ககிட்ட இருக்குதில்ல, அதைக் கொளுத்திக் குளிர் காயுங்க."

சிரிப்பு நின்றது. அருள்பிரகாஷ் ஓடி வந்தார். "கோவிச்சுக்காதீங்க சார்," என்று அவர்களிடம் குழைந்துவிட்டு, சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "சின்னராசு!" என்று கத்தினார்.

சின்னராசு என் அப்பா. இந்த கேம்ப் இருப்பது எங்கள் மரவள்ளிக் காட்டில். அருள்பிரகாஷுக்குக் குத்தகைக்கு விட்ட கையோடு அப்பாவுக்கு இங்கே காவல் வேலை கிடைத்தது. டிகிரி முடித்ததும் எனக்கு ரிசப்ஷன். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. எங்கள் நிலத்திலேயே கம்பி வேலிக்குள் உட்கார்ந்து, கேட்டைத் தாண்ட அனுமதி கேட்கிறேன்.

"உம்புள்ள படிச்ச திமிரைக் காட்டுது. நீயே பத்த வையி. இல்லாட்டி நாளையிலருந்து ரெண்டு பேரும் வர வேண்டாம்," என்றார் அருள்பிரகாஷ், ஓடி வந்த அப்பாவிடம்.

அப்பா என்னைப் பார்த்தார். "வாயை வெச்சிக்கிட்டுச் சும்மா இரு கண்ணு. இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான."

"தெனமும் இதையேதான சொல்றீங்கப்பா."

அப்பா திரும்பி நடந்தார். தீப்பெட்டியோடு குவியலை நெருங்கியவர் நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், சோலை வாசலில் கழற்றுவது போலவே. வெறுங்காலோடு குனிந்து குச்சியை உரசினார். மலைக்காற்றில் அணைந்தது. அடுத்ததும் அணைந்தது. தொப்பிக்காரன் அதை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

தீப்பெட்டியைப் பிடுங்கினேன்.

"செருப்பைப் போடுங்கப்பா."

கழுத்தில் கிடந்த ஐடி கார்டைக் கழற்றி, நாடாவை உருவிக்கொண்டு கார்டை மேசையில் எறிந்தேன். அந்த நாடாவால் கிளைகளைச் சேர்த்துக் கட்டித் தோளில் வைத்தேன்.

"எங்க சாமி போற?" என்றார் அப்பா.

"இதை எடத்துல வெச்சிட்டு ஊட்டுக்குப் போறேன். நீங்களும் வர்றதுன்னா வாங்க. நெலம் நம்முளுது, இவரோடது இல்ல."

"கேட்டைத் தாண்டினா திரும்ப வராத!" என்றார் அருள்பிரகாஷ்.

"வர மாட்டேனுங்க."

கேட்டைத் திறந்தேன். யாரையும் கேட்கவில்லை.